கிளியின் வக்கீல்

முதலில் காபியைக் குடியுங்கள், டாக்டர் சங்கரன். கச்சேரி ரோட்டிலிருந்து பங்குனி வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். அந்தத் தலையணையைக் கீழே வைக்கலாம். அது எங்கும் ஓடிவிடாது.

பஞ்சு அடிக்கிற வலியுல்லா உங்களிடம்தான் இருமலுக்கு மருந்து வாங்குகிறான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. செத்தவள் படுத்த படுக்கையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தெருவோடு போனவனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டாக்டரய்யா, அய்யிரு வூட்டு தலகாணில பஞ்சோட கிளி எறகு கலந்துகீது, இன்னா கூத்து இது?" என்று உங்களிடம் கேட்டானாம். நல்ல கேள்வி. பதினெட்டு வருஷமாக ஹைகோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். நானே இதைவிட நன்றாகக் கேட்டிருக்க முடியாது.

என் முதல் மனைவி சூடாமணி அந்தக் கிளிக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கற்றுக்கொடுத்தாள். "ஏன்னா, காபி ஆறிப்போறது." தினம் விடிந்ததும் அதையே சொல்லும், அவள் குரலில், அவள் இழுக்கிற மாதிரியே இழுத்து. அவள் ஜுரத்தில் போன மறுநாள் காலையிலும் சொன்னது. நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அடுப்பில் சாம்பலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அப்புறம் ஐந்து வருஷம் அந்த ஒரு வாக்கியத்தோடு குடித்தனம் நடத்தினேன்.

பந்துக்களின் பிடுங்கல் தாங்காமல் ஜலஜாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். பத்தொன்பது வயது. நல்ல பெண். வந்த மூன்றாம் நாளே தும்ம ஆரம்பித்தாள். தும்மல் இருமலாயிற்று, இருமல் இழுப்பாயிற்று. காலையில் கிளி வாயைத் திறக்கும்போது சரியாக இவளுடைய இழுப்பு குறுக்கே வந்து விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் நீங்கள் வந்து பார்த்தீர்கள். கிளியின் இறகுத் தூள் சிலர் உடம்புக்கு ஆகாது, அதற்கு அலர்ஜி என்று பெயர் என்றீர்கள். நிச்சயமா என்று கேட்டேன். "இருக்கலாம். ஒரு மாதம் கிளியை வேறு வீட்டில் வைத்துப் பார்ப்போம். இழுப்பு நின்றால் அதுதான் காரணம்" என்றீர்கள். இருக்கலாம்! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு கோழித் திருடனைக்கூட ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. கிளிக்குப் பேசத் தெரியும், வாதாடத் தெரியாது. அதன் பக்கம் நான் ஆஜரானேன்.

தேனாம்பேட்டையில் என் குமாஸ்தா ஸ்ரீரங்கன் வீட்டில் கூண்டைக் கொண்டுபோய் வைத்தேன். பத்து நாளில் ஜலஜாவின் கன்னத்தில் ரத்தம் ஏறிவிட்டது. பதினோராம் நாள், பாட்டு வாத்தியாரை மறுபடியும் வரச் சொல்லலாமா என்று கேட்டாள். பந்துக்கள் எல்லோருக்கும் சந்தோஷம். கேஸ் தோற்றுக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது லஸ்ஸில் டிராமை விட்டு இறங்கித் தேனாம்பேட்டைக்கு நடந்தேன். கிளி இறகு உதிர்க்கிற காலம். கூண்டின் அடியில் கிடந்த இறகையும் தூளையும் ஒரு கவரில் வாரிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது ஜலஜா கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் தலையணையின் ஓரத்தைப் பிரித்து, உள்ளே தூவிக் கலந்து, கேஸ் கட்டு தைக்கிற பெரிய ஊசியால் தைத்தேன். நூலைப் பாருங்கள், அதுவும் கட்டு தைக்கிற நூல்தான். வேறு நூல் தேடத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் இழுப்பு திரும்பி வந்தது. மாதக் கடைசியில் நீங்கள் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே, "கிளி காரணமில்லை" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். முதலில் பேசியவள் ஜலஜாதான். "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிடுத்தே. பாவம்னா அது. நாளைக்கே ஆத்துக்குக் கொண்டு வந்துடுங்கோ" என்றாள், மூச்சு வாங்க வாங்க. கிளி வந்ததும் கோவைப்பழத்தைத் தன் கையால் ஊட்டி, "என்னாலதான் உன்னை விரட்டினா. கோச்சுக்காதே" என்று மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் கூண்டைத் துடைத்துச் சுத்தம் செய்ததும் அவள்தான். நான் சொல்லவில்லை. தானாகவே செய்தாள்.

அப்போதாவது தலையணையை மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். மாற்றினால் கொஞ்சம் தேறுவாள். தேறினால், ஏன் தேறினாள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஜெயித்த கேஸை யாராவது தானே அப்பீலுக்குக் கொண்டுபோவார்களா? தை பிறந்து நாலாம் நாள் போனாள். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிளிக்குப் பழம் போட்டேளா?" என்று கேட்டாள். போட்டேன் என்றேன். அது பொய்யில்லை.

நான்தான் கொன்றேன். மூடி மறைத்துப் பேசவில்லை, யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள். ஆனால் கிளி கொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறகைத் தலையணையில் வைத்தவன் நான், கிளி இல்லை.

உள்ளே திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்களே. அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. அந்த இழுப்பு கிளியின் தொண்டையிலிருந்து வருகிறது. இரண்டு மாதமாக அதற்கு அது ஒன்றுதான் வருகிறது. விடிந்ததும் அதுதான். காபி அடியோடு மறந்துபோயிற்று. நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். என் குரலுக்கு அது காது கொடுக்கவில்லை. வீட்டில் ஒரு பெண் குரல் வேண்டும்.

மாம்பலத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. பெண்ணுக்குக் கணீரென்ற சாரீரமாம். இந்தத் தடவை எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டேன், டாக்டர். அவள் தும்மி யாருமே பார்த்ததில்லையாம்.