பத்தொன்பது நாள் வெள்ளை மணல்

மணலைத் தினமும் கிளறக் கூடாது. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் செய்கிற தவறு அதுதான். வாரத்துக்கு ஒரு முறை, மேலாக ஒரு விரல் ஆழம், ஒரு பக்கம் மட்டும் கிளறினால் போதும். அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். அடியை நோண்டினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். மீன்கள் செத்து மிதக்கும்.

டீ வேண்டாம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். தொட்டியில் மின்கசிவு, அதனால் விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். அதைப் படித்துவிட்டு முதலாளி தொட்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள். தொட்டியின் மேல் குற்றம் இல்லை. அது பதிவாக வேண்டும்.

பர்கூரில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடத்தோடு நின்றவன் நான். அதன்பின் ஓசூரில் இதே கம்பெனியில் நான்கு வருடம், உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கிற டை காஸ்டிங்கில் நைட் ஷிப்ட். காலையில் ரூமுக்குப் போய், ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டு தூங்குவேன். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். 2006இல் முதலாளி மோகன்குமார் சிங்கப்பூர் போய்வந்து, வரவேற்பு ஹாலில் ஆறடி நீளத்தில் பவளத்தொட்டி வைத்தார். பொருத்திக் கொடுத்த பெங்களூர்க்காரர்கள் மூன்று மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆங்கிலக் கையேட்டைப் படிக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன். அதிலிருந்து எனக்குப் பகல் வேலை. வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தத் தொட்டி.

2007 ஆடி வரைக்கும் மணல் உப்பைப் போல வெள்ளையாக இருந்தது. பிறகு பழுக்க ஆரம்பித்தது. துருவைப் போல ஒரு படலம். திங்கட்கிழமை குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் வியாழக்கிழமை திரும்பவும் வரும். விளக்கைக் குறைத்தேன். தீனியைப் பாதியாக்கினேன். மணலை மேயும் நத்தை நாற்பது வாங்கி விட்டேன். வியாழக்கிழமை தவறாமல் வந்தது. ஒரே வேலையை ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செய்து, ஐந்து மாதமும் தோற்றால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்திகை மாதம் முதலாளி கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஜனவரியில ஜப்பான்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள மணல் வெள்ளையாகலைன்னா தொட்டியைத் தூக்கிடலாம். நீ பழைய ஷிப்டுக்கே போயிடு."

தொட்டி அழுக்காவதற்குக் கையேட்டில் முதல் காரணம் அதிகத் தீனி. நான் அதிகம் போடவில்லை. அப்படியானால் வேறு யாரோ போடுகிறார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லையே.

சிங்கராயர் எங்கள் ஆபீஸ் அட்டெண்டர். எலத்தகிரிக்காரர், ஐம்பத்தாறு வயது. டீத் தட்டோடு ஹாலைக் கடக்கும்போதெல்லாம் தொட்டி முன்னால் நின்றுவிடுவார். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் துப்பிச் சுத்தம் செய்கிற மீன் ஒன்று இருக்கிறது. அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார். நான் எந்த மீனுக்கும் பெயர் வைத்ததில்லை.

"ஏன் தம்பி, மேஸ்திரி ஒருத்தன்தான் வேலை பாக்குறான். மத்ததெல்லாம் சூப்பர்வைசர் மாதிரி சுத்துதுங்க" என்பார். ரிசப்ஷனில் சிரிப்பார்கள். இன்னொரு நாள் நான் மணலை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "கடலைக் கொண்டாந்து கண்ணாடிக்குள்ள அடைச்சிட்டு, பேளாம இருன்னா எப்படி தம்பி?" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

விருந்தினருக்கு வைக்கிற பிஸ்கட்டில் மிஞ்சுவதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அல்ல, பதினோரு முறை. கேட்டேன். எப்போதோ ஒரு நாள் ஒரு துண்டு போட்டதாகவும், நான் திட்டிய பிறகு தொட்டியைத் தொட்டதே இல்லை என்றும் சொன்னார். மாதா மேல் சத்தியம் செய்தார். ஒரு துண்டு போட்டவன் இரண்டாவது துண்டும் போடுவான்.

இப்போது அந்த ஹீட்டர் விஷயம். ஓசூர்க் குளிருக்குத் தொட்டியில் ஹீட்டர் இல்லாமல் பவளம் தாங்காது. நவம்பரில் அதன் கண்ணாடியில் விரிசல் விட்டது. தண்ணீரில் கரண்ட் கசிந்தது. கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச் அடிக்கடி அணைந்து, தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டாரும் நின்று, ஒரே வாரத்தில் இரண்டு பவளம் செத்தன. அதனால் அந்த சுவிட்சை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். புது ஹீட்டர் வரும்வரை கை விடும்போதெல்லாம் மெயினை அணைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு நின்று வேலை பார்த்தேன். இதுவரைக்கும் எல்லாம் தொட்டிக்காகச் செய்தது. இதை எந்த எலக்ட்ரீஷியனும் ஒத்துக்கொள்வான்.

புது ஹீட்டர் டிசம்பர் மூன்றாம் தேதி வந்துவிட்டது. உங்கள் ஆள் அதன் பில்லை என் டிராயரில் எடுத்தார் அல்லவா? சம்பவம் நடக்கும்வரை பெட்டியைக்கூட நான் பிரிக்கவில்லை.

பத்தாம் தேதி சாயங்காலம் சிங்கராயரைக் கூப்பிட்டேன். நாளைக்கு உப்பு வாங்க பெங்களூர் போகிறேன், மணல் கிளறுகிற நாள், நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை.

"நானா? தொட்டா கையை வெட்டுவேன்னியே தம்பி."

"பழகிக்கங்க அண்ணா. ஒரு விரல் ஆழம்தான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வலது கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார். காலையில் நன்றாகக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொன்னார். கிளம்பியவர் திரும்பி வந்து கேட்டார்.

"சுவிட்ச் ஏதாச்சும் அணைக்கணுமா?"

"வேண்டாம். மோட்டார் நின்னா பவளம் செத்துடும்" என்றேன்.

அவர் ஹாலுக்குள் செருப்பு போடமாட்டார். வாசற்படியிலேயே கழற்றிவிடுவார். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்போது போன் வந்தது. கேட் செக்யூரிட்டி திம்மராயன். கன்னடமும் தமிழுமாக அழுதான், பாதி புரியவில்லை. நான் திரும்பவில்லை. போய் உப்பு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். உப்பு இல்லாமல் தண்ணீர் மாற்ற முடியாது. அதற்குள் மெயினை அணைத்திருந்தார்கள். ஹீட்டரை மாற்றி மோட்டாரை ஓடவிட்டேன். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

அடக்கத்துக்கு எலத்தகிரி போனேன். அவர் மனைவி லூர்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் பற்றி வீட்டில் பேசாத நாள் இல்லை என்றாள். ஒருவழியாகத் தம்பி தொட்டியைத் தொட விட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தில் முந்தின ராத்திரி சாப்பிடக்கூட இல்லையாம். பேத்தி ஒன்று அவள் மடியில் இருந்தது. தாத்தா தினமும் பிஸ்கட் கொண்டுவருவார், இனி யார் கொண்டுவருவார்கள் என்று லூர்தம்மாள் அழுதாள். பதினோரு பிஸ்கட்டும் வீட்டுக்குத்தான் போனது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. நானும் யோசித்துப் பார்த்தேன்.

திரும்பி வந்து மேல் மணலை முழுவதுமாக எடுத்துவிட்டுப் புது மணல் கொட்டினேன். பத்தொன்பது நாள் வெள்ளையாக இருந்தது. ஆடிக்குப் பிறகு அவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததில்லை. மேஸ்திரி, அந்த மீனைச் சொல்கிறேன், காலையிலிருந்து விளக்கு அணையும்வரை மணலை அள்ளித் துப்பிக்கொண்டே இருந்தது. ஜப்பான்காரர்கள் வந்தார்கள். சாவு நடந்த இடம் என்று அவர்களைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார்கள். ஒருவர்கூடத் தொட்டியைப் பார்க்கவில்லை.

தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறாய் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கும் மீன் வளர்த்த பழக்கம் இருக்கும்போல. சுத்திகரிக்கிற மெஷின் ஆடி மாதம் பழுதானது. அதிலிருந்து போர்க்குழாய்த் தண்ணீரில்தான் உப்புக் கலக்கிறேன். போர்த் தண்ணீர் விட்டால் மணல் பழுக்கும் என்று பெங்களூர்க் கடைக்காரர் சொன்னார். மெஷின் விற்பவர் வேறு எப்படிச் சொல்வார்? கம்பெனியே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன். தொட்டியை எடுக்க வேண்டாம் என்று முதலாளிக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. இருபதாவது நாள் பழுப்பு திரும்ப வந்துவிட்டது. சிங்கராயர் இல்லை, நானும் போடவில்லை. கேட்டில் இருக்கும் திம்மராயன் எந்நேரமும் பொரி தின்றுகொண்டிருக்கிறான். போன வாரத்திலிருந்து அவனைக் கவனித்துக்கொண்டு வருகிறேன்.