அரக்கு நிற ஏரி

முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து பேர் இருக்கும் அறையில்கூடச் சுவரோரமாக நிற்பவள் நான். என்னை ஐந்நூறு பேருக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நாக்கு என்னைக் கைவிட்டுவிடும் என்று தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை நான்கு தாளில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். எழுதியதைப் படிப்பவளைப் பேச்சாளர் என்று நீங்கள் ஏற்கத் தேவையில்லை. பொறுத்துக்கொண்டால் போதும்.

இந்த நிறைநீர் விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஏரி காப்புக் குழுத் தலைவர் குமாரசாமி ஐயா அவர்களே! கரையில் கொட்டகை போட்டு, கடைசி நாற்காலியையும் பிறருக்குக் கொடுத்துவிட்டுக் கால் கடுக்க நிற்கும் பெரியோர்களே! இடுப்பளவு சேற்றில் இறங்கித் தழை இழுத்தவர்கள் நாங்களா என்பதுபோல, இன்று இஸ்திரி போட்ட சேலையில் எழிலாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தறிக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே! என்னோடு பேருந்துப் படியில் நின்றே பட்டம் படித்த தோழிகளே! எனக்குப் பின்னால் அலையடித்துக்கொண்டு, நான் பேசுவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்ட அல்லிக்கரை ஏரியே! எல்லோருக்கும் என் வணக்கம்.

பின்வரிசையில், "சத்தமா பேசும்மா, காத்துதான் வருது" என்கிறார்கள். இதோ, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்.

நான் துர்காதேவி. சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி போட்டிருக்கும் பஞ்சாட்சரத்தின் மகள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. புவியியல் படித்தேன். "பூமியப் படிச்சி இன்னா பண்ணப் போற? அது இங்கியேதானே இருக்குது!" என்று தெருவே கேட்டது. பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன். அந்தப் பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் தலைக்கு மேலே, ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை அவை நம் ஊரைப் படம் பிடிக்கின்றன. அந்தப் படங்கள் யாருக்கு? பெரிய அதிகாரிகளுக்கா? கண்ணாடி அறைக்குள் அமர்ந்த விஞ்ஞானிகளுக்கா? இல்லை, நமக்கும்தான்! கைப்பேசியில் ஒரு வலைத்தளத்தைத் திறந்தால் போதும். ஊர்ப் பெயரைத் தட்டினால் வரைபடம் வரும். தேதியைத் தொட்டால் அன்றைய படம் வரும். பக்கத்துப் பட்டியலில் பசுமை வேண்டுமா, ஈரம் வேண்டுமா, வெப்பம் வேண்டுமா என்று கேட்கும். நாம் வேண்டியதைத் தொட்டால், அதற்கேற்ற நிறத்தில் நம் ஊர் நம் உள்ளங்கையில் விரியும். கட்டணம் இல்லை, காத்திருப்பு இல்லை, கையெழுத்து இல்லை!

எங்கள் தெருக் காமாட்சியம்மா முன்வரிசையிலிருந்து கை தூக்குகிறார். சொல்லுங்கள்.

"எங்க மாடியில காயிற வத்தல் தெரியுமா?"

தெரியாது அம்மா. அந்தப் படத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம் ஒரே ஒரு புள்ளி. உங்கள் மாடி முழுவதும் சேர்ந்தாலே ஒரு புள்ளிதான். சேலையில் புட்டா போடக் கட்டத்தாளில் புள்ளி வைக்கிறோமே, அதுபோலத்தான். ஒரு புள்ளி ஒன்றும் சொல்லாது. ஆயிரம் புள்ளி சேர்ந்தால் அன்னம் தெரியும், யானை தெரியும், ஏரி தெரியும்.

ஏரி தெரிந்தது. அங்கேதான் வந்தது வினை.

போன ஆனி மாதம், நம் தெரு ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியபோது, அவற்றுக்கு ஊற்றுத் தரும் அல்லிக்கரை ஏரியின் படத்தை அந்த வலைத்தளத்தில் எடுத்தேன். பார்த்ததும் திகைத்தேன். ஏரி முழுவதும் சிவப்பு! கரை முதல் கரை வரை சிவப்பு! என்ன ஏது என்று படிக்கப் பொறுமை இல்லை. "நம்ம ஏரி, இன்னிக்கு வானத்திலிருந்து" என்று இரண்டு வரி எழுதி, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். படத்தின் மூலையில் எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. படம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அந்தப் பெட்டியை நானே வெட்டிவிட்டேன்.

அந்தப் படத்தை முதலில் பெரிதாக்கிப் பார்த்தவர் என் அப்பா.

அப்பாவின் கண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருப் பட்டுக்கெல்லாம் சாயம் போடும் ஷரீஃப் மாமாவின் மாம்பழ மஞ்சளில் ஒரு சொட்டுக் கூடினாலும் கண்டுபிடிப்பார். கிளிப்பச்சையில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் கண்டுபிடிப்பார். அந்தக் கண் கைப்பேசியைப் பார்த்தது. அந்த வாய் குழுவில் குரல் பதிவு போட்டது:

"இது ஷரீஃப் பாயோட அரக்குச் சிகப்பு. இந்த அரக்கு இந்த ஊர்ல வேற யாருக்கும் வராது. இருபத்தெட்டு வருசமா நெய்யிறேன், எனக்குத் தெரியாதா? சாயப்பட்டறைத் தண்ணி ஏரிக்குப் போய்க்கினு இருக்குதுபா!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்று சிரிக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

குமாரசாமி ஐயா மட்டும் நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார். அப்பா சைக்கிளில் போனார், பார்த்தார், திரும்பினார். ஏரியில் சிவப்பே இல்லை. கரை முதல் கரை வரை ஆகாயத்தாமரை, பச்சைப் பசேலென்று மூடிக் கிடந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டுமா, இல்லையா? முடியவில்லை! அப்பா சொன்னார்: "மேல தழை மூடிக்கினு இருக்குது. அடியில தங்கியிருக்கிற சாயத்தைத்தான் வானத்து மிஷினு புடிச்சிருக்குது."

கண்ணால் கண்ட பச்சையை நம்பாமல், கைப்பேசியில் கண்ட சிவப்பை நம்பினார். நிறத்தை நம்பியே வாழ்ந்த மனிதர் வேறு எதை நம்புவார்?

பத்துப் பேர் ஷரீஃப் மாமாவின் பட்டறை வாசலுக்குப் போனார்கள். சாயக் கொப்பரையில் நனைத்த நூற்கழி கையில் சொட்டச் சொட்ட அவர் வெளியே வந்தார். எல்லோரையும் விட்டுவிட்டு ஒருவரை மட்டும் பார்த்துக் கேட்டார்: "பஞ்சாட்சரம், நீயா சொன்னே?"

"என் கண்ணு பொய் சொல்லாது பாய்."

அவர் நூற்கழியோடு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து நம் தெருவின் பட்டு நூல் அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. ஆறு கொப்பரையில் ஐந்து ஆறிப்போனது.

நான் என்ன செய்தேன்? அந்தச் சிவப்புக்கு என்ன பொருள் என்று தேடினேனா? இல்லை. பயந்துபோய்க் கைப்பேசியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஷரீஃப் மாமாவின் மனைவி உம்முசல்மா அத்தை எங்கள் வீட்டுக்கே வந்தார். சண்டை போடுவார் என்று கதவோரம் நின்றேன். அவர் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். "அந்தப் படத்தை எடும்மா, நானும் பாக்கறேன்" என்றார். எடுத்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இது இன்னாமா?"

"அது பாலாத்தங்கரை வயல், அத்தை."

"இதுவும் சிகப்பாத்தானே இருக்குது? இது?"

"தென்னந்தோப்பு."

"இதுவும் சிகப்பு. இது?"

"ஓரிக்கைப் பக்கத்து வாழைத் தோட்டம்."

உம்முசல்மா அத்தை என்னைப் பார்த்தார். "ஏம்மா, வயலுக்கும் தோப்புக்கும் வாழைக்கும் எங்க வூட்டுக்காரர்தான் சாயம் போட்டாரா? அவ்ளோ ஆர்டர் வந்திருந்தா நாங்க மாடி வூடு கட்டியிருப்போமே!"

அவையோரே, நான் மூன்று வருடம் படித்த படிப்பு அந்த ஒரு கேள்விக்கு முன்னால் தலை குனிந்தது. வெட்டிப் போட்ட அந்தச் சின்னப் பெட்டியை அப்போதுதான் திறந்து படித்தேன். சிவப்பு என்றால் சாயம் இல்லை. சிவப்பு என்றால் உயிருள்ள இலை! நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைப் பசுமையான இலை திருப்பி வீசுகிறது. செயற்கைக்கோள் அதைப் பிடிக்கிறது. காணாத ஒளியை நமக்குக் காட்ட, ஒரு காணும் நிறம் தேவைப்படுகிறது. அதற்காகச் சிவப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏரியில் சிவப்பு என்றால், ஏரியை ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது என்றுதான் பொருள். அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்ததும் அதைத்தான். எண்ணூறு கிலோமீட்டர் உயரத்துக் கண்ணும், ஆறடி உயரத்துக் கண்ணும் ஒன்றையேதான் சொல்லின. நடுவில் நின்று தப்பாகச் சொன்னவள் நான்!

அன்று மதியமே அத்தையும் நானும் தேதியைப் பின்னால் நகர்த்தினோம். போன வருடம் ஏரி முழுவதும் சிவப்பு. அதற்கு முந்தைய வருடம் பாதி. இன்னும் பின்னால் போனால் கால் பங்கு. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. எங்கே? வரத்துக் கால்வாய் ஏரியில் வந்து சேரும் வாயில்! காமாட்சியம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். யாரோ கொட்டிய கட்டட இடிபாடு அந்த வாயை அடைத்துக் கிடந்தது. அங்கே தண்ணீர் ஓடவில்லை. ஓடாத தண்ணீரில்தான் ஆகாயத்தாமரை குடியேறியது, குடும்பம் பெருக்கியது, ஏரியையே பிடித்தது.

பிறகு நடந்தது உங்கள் கைகள் எழுதிய கதை. எட்டு வருடத்துப் படங்களை அச்செடுத்து மனுவோடு கொடுத்தோம். இயந்திரம் வந்தது, இடிபாடு போனது. ஆவணியில் தொடங்கிப் புரட்டாசி முடிய ஒவ்வொரு ஞாயிறும் தழை இழுத்தோம். ஐப்பசியில் மழை வந்தது. கார்த்திகையில் கால்வாய் பாடியது. இன்று மார்கழியில், திரும்பிப் பாருங்கள், ஏரி நிரம்பி வழிந்து மறுகால் போகிறது!

கைதட்டுங்கள், தட்டலாம். எனக்காக வேண்டாம், உங்களுக்காக. தெருக் கிணற்றில் உப்பு இறங்கிவிட்டது என்று நேற்று காமாட்சியம்மா குடித்துப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு சொம்புத் தண்ணீருக்காகத் தட்டுங்கள்!

இன்னும் ஒரு தாள்தான் இருக்கிறது.

தழை இழுத்த நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். பேசாதவர்களுக்குக் கவனிக்க நிறைய நேரம் கிடைக்கும். ஏரியின் அந்தக் கோடியில் ஒருவர் தனியாகத் தழை இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை அவர் கை சிவந்திருந்தது. அது இலையின் சிவப்பு இல்லை, உண்மையான அரக்குச் சாயம். ஷரீஃப் மாமா யாரும் கூப்பிடாமலே ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். நல்ல தண்ணீர் இல்லாமல் பட்டில் நல்ல நிறம் பிடிக்காது. இந்த ஊரில் யார் கெடுத்தாலும் இந்த ஏரியை அவர் கெடுக்க மாட்டார். இந்தக் கோடியில் என் அப்பா. நடுவில் நாற்பது பேர். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

உண்மை தெரிந்து ஆறு மாதம் ஆகிறது. தெரு முழுவதும் அறியும். ஆனாலும் இன்று வரை ஒரு கழி நூல் அந்தப் பட்டறைக்குத் திரும்பவில்லை. ஏன்? கோபமா? இல்லை. வெட்கம்! போய் நின்று என்ன சொல்வது என்ற வெட்கம். வெட்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும். நான் அதோடுதான் வளர்ந்தேன். நானே மேடை ஏறிவிட்டேன். நீங்கள் ஒரு வாசல் ஏற மாட்டீர்களா?

ஷரீஃப் மாமா, மூன்றாவது வரிசையில் தூணோரம் இருக்கிறீர்கள். படத்தை வெட்டியவள் நான். பொருள் சொல்லாமல் நிறத்தைக் காட்டியவள் நான். ஊர் அறியச் செய்த தவறுக்கு ஊர் அறிய மன்னிப்புக் கேட்கிறேன். என்னை மன்னியுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. முதல் தாளிலேயே எழுதி, அடித்து, இங்கே கொண்டு வந்து வைத்தது.

போன வியாழக்கிழமை மேகமில்லாத படம் வந்தது. சிவப்பெல்லாம் போய், ஏரி நாவற்பழம்போல் கரும்பளபளப்பாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். இந்த முறை, "இந்தக் கலருக்கு இன்னா அர்த்தம்மா?" என்று முதலில் கேட்டார். "தண்ணிப்பா" என்றேன். வெகுநேரம் பார்த்தார். "இந்த நாவப்பழக் கலரு யாரு போடுவாங்க?" என்றார். அது யார் என்று அவருக்கே தெரியும்.

அப்பா, உங்கள் மடியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. உள்ளே சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு, தறியில் ஒரு பாவு ஓட வேண்டிய நூல். அதை எடுத்துக்கொண்டு மூன்று முறை சாயப்பட்டறைத் தெருமுனை வரை போனீர்கள். மூன்று முறையும் அப்படியே திரும்பி வந்தீர்கள். இன்று அந்தப் பையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டு வர வேண்டாம். ஷரீஃப் மாமா தூண் பக்கத்தில்தான் இருக்கிறார். தெருமுனைத் தூரம்கூட இல்லை.

யாரோ, "பஞ்சாட்சரம் எழுந்துட்டாரு, எழுந்துட்டாரு" என்கிறார்கள். தாள் முகத்தை மறைக்கிறது, நான் பார்க்கவில்லை. பார்த்தால் என்னால் முடிக்க முடியாது.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. அவருக்குக் கொஞ்சம் வழி விடுங்கள். வணக்கம்.