விழுகிறவனுக்கு ஒரு மெத்தை

காட்சி நாளில் நான் காப்பி குடிப்பதில்லை ஐயா. வெந்நீர் இருந்தால் போதும், தொண்டை கெடாது. மூன்று மணிக்கு மேட்னி இருக்கிறது. அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். சுப்பையனின் சட்டைப் பையில் எங்கள் கொட்டகை டிக்கெட் இருந்ததால்தானே என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

என் பெயர் பொன்னுதுரை. இங்கிலீஷ் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று தமிழில் கதை சொல்வது என் வேலை. மலாக்காவில் பதினொரு வருஷமாக நான்தான் சொல்கிறேன். காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் வரை என் குரல் தெரியாத தமிழன் கிடையாது. அழுமூஞ்சிப் படமாக இருந்தாலும் ஜனங்கள் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

இந்த ஹாலிவுட் படம் நல்ல தமாஷ். கடிகாரம் பழுதுபார்க்கும் கூச்சக்காரன் ஒருவன் பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பெண்ணின் தகப்பன் முன்னால் நின்றால் வாய் திறக்கிறது, பேச்சு சட்டென்று வரமாட்டேன் என்கிறது. கடைசியில் மாடியிலிருந்து தலைகுப்புறக் கல்யாணக் கேக்கின் மேல் விழுகிறான். சிங்கப்பூரில் எட்டு வாரம் ஓடிவிட்டு இங்கே வந்தது.

சுப்பையன் காஜா பெராங்கில் என் வீட்டுக்கு நாலாவது வீடு. ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேச்சுதான் திக்கும். நல்ல பையன். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கதாநாயகன் ஏதோ சொல்வான், சுப்பையன் சிரிப்பான், அதற்குப் பிறகுதான் நான் தமிழில் சொல்வேன். நான் சொன்னதும் கொட்டகையே சிரிக்கும். அப்போது அவன் மட்டும் முகத்தைச் சுளித்துத் திரையைப் பார்ப்பான். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

காட்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்தான். படக் கம்பெனி அனுப்பிய இங்கிலீஷ் விளம்பரப் புத்தகம் என் மேசையில் கிடந்தது. அதை எடுத்துப் புரட்டினான்.

"அண்ணே, இதுல போட்டிருக்கு. அந்தக் கேக்கு மேல விழற சீனை மு... முப்பத்திரெண்டு தடவை எடுத்தாங்களாம். கேக்குக்கு அடியில மெத்தை போட்டிருந்தாங்களாம். அவனுக்கு ஒரு சி... சிராய்ப்புகூட இல்லயாம்."

"தெரியும்லா, படிச்சிட்டேன்," என்றேன்.

அவன் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. அந்தத் தகப்பன் வர்ற எடத்துல அவன் பேசறது வேற. நான் வேணும்னா எ... எழுதித் தரேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

தங்கமான மனசு. அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. வீட்டுக்குப் போன பிறகும், சாப்பிடும்போதும், அந்த வார்த்தைதான் காதில் இருந்தது. யாருக்கும் சொல்ல மாட்டானாம்.

மறுநாள் மேட்னியில் கதாநாயகனுக்குச் சுப்பையன் என்று பெயர் வைத்தேன். தகப்பன் முன்னால் அவன் வாய் திறந்து நிற்கும் இடத்தில் திக்கித் திக்கிப் பேசினேன். கூரை பறந்துவிடும் போலிருந்தது. கம்போங் செட்டியிலிருந்து வந்திருந்தவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களும் தமிழ் வம்சம்தான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். என் தமிழ் அவர்களுக்குப் பாதி புரியாது. திக்குவதற்கு மொழி வேண்டாம் அல்லவா.

சுப்பையனுக்கு ராஜரத்தினத்தின் மகள் சந்திரமதியைப் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். ஊருக்கே தெரிந்த விஷயம் அது. ஆகவே திரையில் வந்த பெண்ணுக்குச் சந்திரமதி என்றும் தகப்பனுக்கு ராஜரத்தினம் என்றும் பெயர் வைத்ததில் புதிதாக நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. இரண்டாம் வாரம் நிற்க இடம் இல்லை. மெர்டேகா சுதந்திர நாளுக்காகத் தெருவில் கொடி கட்டியவர்கள் ஏணியில் நின்றபடியே, "சு... சு... சுப்பையா," என்று கூப்பிட்டார்களாம். மார்க்கெட்டில், கோயில் வாசலில், அவன் கம்பெனியில்கூட அதே கதை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. ராஜரத்தினம் மகளோடு வந்து படம் பார்த்தார். பாஸ் நான்தான் அனுப்பியிருந்தேன். மறுநாளே நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

போன வியாழக்கிழமை இடைவேளையில் சுப்பையன் என்னிடம் வந்தான். இளைத்துப் போயிருந்தான். திக்கக்கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான்.

"அண்ணே. பேரை மட்டும் மாத்திடுங்க. இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நான் உ... உசுரோட இருக்க மாட்டேன்."

"போய் உக்காரு தம்பி, பாக்கலாம்," என்றேன்.

சட்டைப் பையில் கை வைத்து எதையோ எடுக்கப் போனான். மணி அடித்துவிட்டது. போய் அதே முன்வரிசையில் உட்கார்ந்தான். என்னை நம்பித்தான் உட்கார்ந்தான் என்று நினைக்கிறேன்.

திரையில் தகப்பன் வந்தார். கதாநாயகன் வாயைத் திறந்தான். "மாமா, பொண்ணைக் குடுத்திடுங்க. இன்னொரு தடவை மாட்டேன்னு சொன்னீங்கன்னா நான் உ... உ... உசுரோட இருக்க மாட்டேன்," என்றேன். அவன் குரல் எனக்கு அப்படியே வந்தது. பதினொரு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கதாநாயகன் கேக்கில் விழும்போது முன்வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் காலை ஆற்று முகத்துவாரத்தில் மீன்காரர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். தூக்கியவர்களில் நானும் ஒருவன். மத்தியானக் காட்சியில் அதே வசனத்தைச் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை. அதனால் நேற்றிலிருந்து பேரை மாற்றிவிட்டேன். அவன் கேட்டுக்கொண்டதும் அதுதானே. விழுகிறவனுக்கு மெத்தை போடுவது படம் எடுக்கிறவன் வேலை ஐயா, கதை சொல்கிறவன் வேலை அல்ல.

இது என்ன தாள்? டிக்கெட்டோடு பையில் இருந்ததா. பென்சில் எழுத்து, தண்ணீரிலும் அழியவில்லை. முத்து முத்தாக, எல்லாம் தமிழில் எழுதியிருக்கிறான். மேலே 'பொன்னுதுரை அண்ணனுக்கு' என்று இருக்கிறது. தகப்பன் முன்னால் கதாநாயகன் உண்மையில் பேசுகிற பேச்சு, ஒரு வரி விடாமல்.

ஆமாம் ஐயா. எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது மலாக்காவில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் செய்தேன்.

தகப்பனிடம் பேசுகிற இந்த இடம் நன்றாக இருக்கிறது. நான் சொன்னதைவிட நன்றாகவே இருக்கிறது. உங்களுக்கு வேண்டாமென்றால் இந்தத் தாளை நான் எடுத்துக்கொள்கிறேன் ஐயா, மூன்று மணிக் காட்சிக்கு உதவும்.