சிந்துஜாவோட நாலாவது பாட்டு

தெரியும் சார், நல்லாவே தெரியும். நீங்க சிந்துஜான்னதும் யாரோன்னு ஒரு நிமிஷம் முழிச்சிட்டேன். எங்களுக்கு அவ பாத்திமா. பாத்திமா மேரி. அந்தப் பேரு பாப் பாட்டுக்கு ஒத்து வராதாம், அதான் சிடி அட்டையில சிந்துஜா. ஒக்காருங்க சார். இந்த பிரவுசிங் சென்டர்ல ரெண்டாம் நம்பர் சிஸ்டம் மட்டும் ரிப்பேரு, அந்தச் சேர்ல யாரும் வர மாட்டாங்க. பாண்டிச்சேரி எஃப்எம்மா? இதுக்காகவா மஞ்சக்குப்பம் வரைக்கும் வந்தீங்க?

ம்ம். கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம. ஒரு மணி நேரம் முழுக்க அவளப் பத்தியா? நல்லது சார். தோழி சார்பா ரெண்டு வார்த்தைன்னா, எழுதிக்கோங்க. நித்யா மேரி. ரெண்டாயிரத்தி எட்டுல பிகாம் முடிச்சேன். எங்க வூட்ல மொதல் டிகிரி நாந்தான். அவளும் என் கூடத்தான் படிச்சா, ரெண்டு பேப்பர் அரியர். அத எழுதாதீங்க.

நல்ல பொண்ணுதான் சார். என்ன, இப்ப முடிய நேரா இழுத்து வுட்டிருக்கா, போஸ்டர்ல பாத்திருப்பீங்களே. எண்ண வழிய ரெட்ட சட போட்டுக்கிட்டு வந்த பொண்ணு. ஆர்குட்ல என் ரசிகர்களுக்கு வணக்கம்னு போட்டிருக்கா. ரசிகர்கள் முப்பத்தெட்டு பேரு, அதுல நானும் ஒருத்தி. பஸ் ஸ்டாண்டு பக்கம் சிடி கடையில அவ படம் ஆளுயரத்துக்கு நிக்குது. நான் தெனம் அந்த வழியாத்தான் வேலைக்கு வருவேன். ஒரு வாரமா சுத்திக்கிட்டு வரேன். இல்ல, சும்மாதான். நடந்தா ஒடம்புக்கு நல்லதுல்ல.

அக்கா, மார்க் ஷீட்டு ஸ்கேன்தான? அஞ்சு நிமிஷம் இருங்க.

எப்படி வந்துச்சு வாய்ப்புன்னா, எங்க பங்குத் திருவிழாவுக்குக் கீபோர்டு வாசிக்க சிதம்பரத்துலேர்ந்து சேரன் அண்ணன் வந்தாரு. நாங்க ரெண்டு பேரும் பாடுனோம், சிடி ஒண்ணு போடப் போறேன்னு ரெண்டு பேரையும் கூப்புட்டாரு. அவள பாடுறதுக்கு. என்ன ட்ராக் பாடுறதுக்கு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மெட்டு ரெடியானதும் யாராவது ஒருத்தர் பாடி வெக்கணும். அதக் கேட்டுக் கத்துக்கிட்டு வந்து பாடகி பாடுவாங்க. அப்பறம் மொதல்ல பாடுனவங்க கொரல எடுத்துடுவாங்க. எனக்கு மெட்டு சீக்கிரம் புடிபடும், அவளுக்கு மொகம் எடுப்பா இருக்கும்னு அண்ணன் நேராவே சொன்னாரு. தப்பா சொல்லல.

அஞ்சு பாட்டு, அஞ்சு சனிக்கெழம. மதியம் இங்க முடிச்சிட்டு சிதம்பரம் பஸ்ஸு. மேல வீதியில மாடி ரூமு, அதான் அண்ணனோட ஸ்டுடியோ. அஞ்சு பாட்டையும் மொதல்ல பாடுனது நாந்தான். அட்டையில நன்றின்னு பதிமூணு பேரு போட்டிருக்கா. வேன் டிரைவருக்கு அடுத்தது நான்.

எந்தப் பாட்டப் போடலாமா? ரெண்டாவதப் போடுங்க சார். துள்ளலா இருக்கும். நாலாவது எதுக்கு? அது ரொம்ப மெதுவா போவும், ரேடியோவுல எடுபடாது. அப்படியா? ஒங்க ஆபீஸ்ல எல்லாருக்குமா? ரெண்டாவது சரணம் தொடங்குற எடத்துல ஒரு மூச்சு கேக்குதே, அதுவா புடிச்சிருக்கு?

ஓ.

தண்ணி குடிக்கிறீங்களா சார்? சரி, நான் குடிச்சிக்கிறேன்.

போடுறதுன்னா சிடியவே போடுங்க. அவள அங்க ஒக்கார வெச்சு அதயே நேர்ல பாடச் சொல்ல வேணாம். அவ நல்லாத்தான் பாடுவா, வேற மாதிரி பாடுவா. கெடுக்குறேன்னு நெனைக்காதீங்க சார். கொஞ்சம் ஆசையா இருக்குதான், நேர்ல பாட வெச்சா என்ன ஆவும்னு பாக்க. ஆனா வேணாம்.

அந்த மூச்சு என்னான்னா, அன்னிக்கு முட்லூர்ல பஸ்ஸு பஞ்சர். லேட்டாயிடுச்சு, அண்ணன் திட்டுவாருன்னு மாடிப்படி முழுக்க ஓடி ஏறி நேரா மைக்குகிட்ட போயி நின்னேன். மொத சரணம் வரைக்கும் சமாளிச்சிட்டேன், அந்த எடத்துல மாட்டிக்கிச்சு. திரும்பப் பாடறேண்ணேன்னு கேட்டேன். எடுத்துடப் போற கொரலுதான, வுடுன்னுட்டாரு.

அவ வந்து பாடலன்னு சொல்லல சார். பாடுனா. கம்ப்யூட்டர்ல ரெண்டு கொரலும் மேலயும் கீழயும் இருக்கும், ஒண்ண மூடணும். சிடி அடிக்கக் குடுக்குற அவசரத்துல நாலாவதுல மட்டும் அண்ணன் என்னோடத வுட்டுட்டு அவளோடத மூடிட்டாரு. அவருக்கே தெரியாது.

தெரியாம எப்படின்னா, பத்து வருஷம் கோயில் பாட்டுல நாங்க ஒரே மைக்கு. பாட்டு சொல்லிக் குடுத்த ஆரோக்கியம்மாள் டீச்சர் எங்கள எதிரெதிரா நிக்க வெச்சுத்தான் பழக்குவாங்க. எந்தக் கொரலும் தனியா துருத்திக்கிட்டுத் தெரியக் கூடாது. கண்ண மூடிக்கிட்டு கேப்பாங்க, யாரு எவன்னு தெரியாமப் போனாத்தான் வூட்டுக்கு அனுப்புவாங்க.

வெளியீட்டு அன்னிக்கு கோயில் ஹால்ல பெரிய ஸ்பீக்கர்ல போட்டாங்க. அந்த மூச்சு கேட்டதும் இது என் கொரலுன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. எல்லாரும் கை தட்டுறாங்க. பாத்திமா மால போட்டுக்கிட்டு எங்கிட்ட வந்து, நாலாவதுல நான் நல்லா பாடியிருக்கேன்லடின்னா. கிண்டல் இல்ல சார், நெஜமாவே கேட்டா. அவளுக்கும் தெரியல. ஆமாடின்னேன். சொன்னா அழுவா. அழட்டுமேன்னும் இருந்துச்சு, ஒங்ககிட்ட பொய் சொல்லல. ஆனா வாய் வரல.

அத எழுதாதீங்க. பேனாவ மூடி வெய்ங்க சார். சிந்துஜா பேருலயே போடுங்க, எனக்கு ஒண்ணும் வேணாம். எத்தினி மணிக்கு வரும்னு மட்டும் சொல்லுங்க. காலையில பத்தா? நல்லதாப் போச்சு. பூசை முடிஞ்சு வந்துடுவோம், ஞாயித்துக்கெழம எங்கப்பா கடலுக்கும் போவ மாட்டாரு.

அவருகிட்ட மட்டும் சொன்னேன் சார். சிடிய வாங்கிட்டு வந்து, அவரு சாப்புடறப்ப போட்டு வுட்டு, இது நான் பாடுனதுப்பான்னேன். பாட்டு முடியற வரைக்கும் கேட்டாரு. கை கழுவிட்டு வந்து என் தலையத் தடவி, பொறாமப்படாத பாப்பா, நீயும் ஒரு நாளு பாடுவன்னாரு.