பதினொரு புகாரும் ஐந்து வியாழக்கிழமையும்

ஆமா மேடம், பதினொண்ணும் நான்தான் போட்டது. அதுல உங்களுக்குச் சந்தேகமே வேணாம். பிப்ரவரி ஆறுல ஆரம்பிச்சு மே இருபத்தொம்போது வரைக்கும். ஏழு போன்ல, நாலு கடுதாசியில. உங்க ஃபைல்ல பத்துதான் இருக்குன்னா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும், பிரிச்சுப் பாருங்க. இருக்கா? சரி. முப்பத்தோரு வருஷம் கப்பல்லேர்ந்து இறங்கற மூட்டைய எண்ணினவன் நான். படிச்சது நாலாங்கிளாஸ்தான். ஆனா எண்ணிக்கையில என்னை யாரும் பிடிச்சதில்ல.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பதினொண்ணையும் அடிச்சிடுங்க. பத்தொம்போதாம் தேதி விசாரணையில லின் அக்காவோட லைசென்ஸ் போகக் கூடாது. என் புகார வெச்சுப் போகவே கூடாது.

அடிக்க முடியாதுன்னு தெரியும். ஸ்டேஷன்ல முன்னாடி மேசையில இருக்கறவரு நேத்தே சொல்லிட்டாரு. போட்டா போட்டதுதானாம். அப்பறம் எதுக்கு நீங்க இவ்ளோ படி ஏறி வந்தீங்க? வாக்குமூலமா? சரி, எழுதுங்க. மொதல்ல வெந்நி குடிங்க. தேயிலை தீந்துபோச்சு, நீங்க வருவீங்கன்னு நெனைக்கல.

எழுதிக்கோங்க. பேரு யுங். வயசு எழுபத்தி மூணு. ரெண்டாவது மாடி. எனக்கு நேர் கீழ, முதல் மாடியில, லின் அக்காவோட பாட்டுக் கூடம். பத்தொம்போது நாற்காலி, ஒரு கீபோர்டு, பாடறதுக்கு மூணு பொம்பளைங்க. பாட்டு புடிச்சவங்க செவப்புக் கவருல ஏதோ காசு வெச்சுக் குடுப்பாங்க, இல்லன்னா கையத் தட்டிட்டுப் போவாங்க. பீர் விக்கறாங்க, அதுக்குத்தான் லைசென்ஸ். பதினோரு மணிக்கு மேல பாட்டு கூடாது, சன்னல் தொறக்கக் கூடாது. நிபந்தனை அவ்ளோதானே? அத நானே கதவுல ஒட்டியிருக்கற தாள்ல நின்னு படிச்சிருக்கேன்.

உள்ள போயிருக்கேனாவா? தெருவுக்கு எறங்கணும்னா அந்தக் கதவத் தாண்டித்தான் மேடம் போகணும். அடுத்த கேள்வி கேளுங்க.

பொய்ப் புகாரா? இல்ல, அப்படி எழுதாதீங்க. நான் பொய் எழுதினதில்ல. அப்ப சத்தம் இருந்துச்சு. ஏசி ரிப்பேரு, சன்னலத் தொறந்து வெச்சிருந்தாங்க, கீபோர்டுக்காரன் தம் தம்னு அடிப்பான், என் வீட்டுக் கண்ணாடி டம்ளர் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். மார்ச்சுல ஏசி மாத்திட்டாங்க. அப்பறமும் நான் அஞ்சு புகார் போட்டேன். அது என் தப்பு. காது அதுக்குப் பழகிடுச்சு, சத்தம் இல்லன்னாலும் தேடுது.

அதுலயும் ஒண்ணு சுத்தத் தப்பு. ஏப்ரல் நாலு, செத்தவங்க கல்லறையக் கூட்டிக் கும்புடற நாளு, அன்னிக்குக் கூடமே மூடியிருந்துச்சு. ராத்திரி பன்னெண்டே காலுக்குக் கடகடன்னு சத்தம். நானும் போனப் போட்டுட்டேன். காலையில பாத்தா கீழ பூட்டு தொங்குது. அப்பறம்தான் தெரிஞ்சுது, அது மேல மூணாவது மாடி கூ அம்மா வீடு. சொந்தக்காரங்க வந்து மாஜோங் ஆட்டம் ஆடி, கட்டைய உருட்டியிருக்காங்க. அந்த ஒண்ணையாவது அடிக்கலாம்ல? அதுக்கும் பாரம் வேணுமா? நல்லா இருக்கு. ஊரையே மூடறதுக்கு ஒரு போன் போதும், அத எடுக்கறதுக்கு மூணு பாரம்.

யாரும் மிரட்டல மேடம். யாரும் எதுவும் குடுக்கல. குடுத்தது இந்தக் கட்டடத்துக் கமிட்டித் தலைவர் பூன். நாலாவது மாடி. ஒம்போது வருஷமா படியில எதுருல வந்தா செவரப் பாத்துக்கிட்டு எறங்கற மனுஷன், போன ஞாயித்துக்கிழமை ஆறு ஆரஞ்சோட வந்து, யுங் அண்ணேங்கறாரு. உங்க பதினொண்ணுதான் எங்க கேசுக்கு முதுகெலும்பு அண்ணே, விசாரணைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க அண்ணேங்கறாரு. அந்த முதல் மாடி அவரு மச்சானோடது. கூடம் காலியானா எட்டு ரூமாத் தடுத்து வாடகைக்கு விடப் போறாங்க. அத அவரு சொல்லல, கூ அம்மா சொன்னாங்க. அந்த அம்மாவுக்கு வாயில எதுவும் நிக்காது.

ஆரஞ்சக் கொண்டுபோயி அவரு கதவுலயே மாட்டிட்டு வந்தேன். அஞ்சுதான் இருந்துச்சு. அவரு பேசி முடிக்கறதுக்குள்ள நான் ஒண்ணத் தின்னுட்டேன். அதையும் ஒரு சீட்டுல எழுதி உள்ள போட்டேன்.

விசாரணைக்கு வருவேன். ஆனா அவரு பக்கம் இல்ல. நாலு பேரு முன்னாடி நின்னு பேசறது எனக்கு ஆகாது, அது வேற விஷயம். துறைமுகத்துல கூட நான் எண்ணிக்கைய வாயால சொன்னதில்ல, சிலேட்டுல எழுதிக் காட்டுவேன். இருந்தாலும் வருவேன். லைசென்ஸப் புடுங்காதீங்கன்னு சொல்லுவேன். ஏன்னு கேட்டா, பக்கத்து வீட்டுக்காரன் சொல்றேன், எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லன்னு சொல்லுவேன். அது போதாதா?

என்ன பக்கம் அது? இன்னும் இருக்கா?

கூ அம்மா போட்டதா? அஞ்சா? எனக்குத் தெரியாதே. படிங்க. இல்ல, கொஞ்சம் நிதானமா, தேதியோட படிங்க.

ஜூன் பன்னெண்டு. ஜூன் இருபத்தாறு. ஜூலை பத்து. பதினேழு. முப்பத்தொண்ணு. ம். எல்லாம் வியாழக்கிழமை. பதினொண்ணே காலுக்கு மேல, ஒரு ஆம்பளக் குரல். தகரத்தக் கிழிக்கற மாதிரின்னு எழுதியிருக்காங்களா? கூ அம்மாவா எழுதினது? தகரம்னேவா? அந்த அம்மாவுக்கு இவ்ளோ எழுத வரும்னு நான் நெனைக்கல.

அப்ப என் பதினொண்ணு கணக்கே இல்ல. சன்னல் தொறந்தது ஏசி ரிப்பேருன்னு போயிடும், இந்த அஞ்சுதான் நிபந்தனைய மீறினதாகும். பதினோரு மணி தாண்டிடுச்சு. இதுக்கே லைசென்ஸ் போயிடும், அப்படித்தானே? மறைக்காம சொல்லுங்க.

சரி. பேனாவ மூடாதீங்க. கூ அம்மா சொன்னது தப்பு, அத எழுதுங்க. அஞ்சு வியாழன் இல்ல, பத்து. அவங்களுக்கு அஞ்சுதான் கேட்டிருக்கு. ஜூன் அஞ்சுலேர்ந்து போன வாரம் வரைக்கும் ஒரு வியாழன் விடல.

எனக்கு எப்படித் தெரியும்னா, அந்தத் தகரம் நான்தான்.

சிரிங்க, பரவால்ல. லின் அக்கா கூட மொத நாள் சிரிச்சாங்க. பன்னெண்டாவது புகார நேர்ல குடுத்துடலாம்னு, அத எழுதின நோட்டத் தூக்கிக்கிட்டு எறங்கினேன். வாசல்ல நின்னேன். நோட்டப் பொரட்டினேன். அவங்க என்னைப் பாத்தாங்க, நோட்டப் பாத்தாங்க, பாட்டு எழுதிக்கிட்டு வந்திருக்கேன்னு நெனைச்சுட்டாங்க. என்ன பாட்டு, எந்தச் சுருதின்னு கேட்டாங்க. நான் தலைய ஆட்டினேன். இவ்ளோ பேரு முன்னாடியா, முடியாதுன்னு. சரி, எல்லாரும் போகட்டும், இருங்கன்னாங்க.

பதினோரு மணிக்கு எல்லாரையும் அனுப்பிட்டாங்க. கீபோர்டுக்காரனும் போயிட்டான். பீர்ப் பெட்டியப் பூட்டினாங்க, நான் பாத்தேன். அப்பறம் அவங்களே உக்காந்து வாசிச்சாங்க. காலி நாற்காலி பத்தொம்போது, பாடறது நான் ஒருத்தன். மூச்சு முட்டுச்சுன்னு சன்னலத் தொறந்தது நான். ஒவ்வொரு வாரமும் நான்தான் தொறப்பேன், அக்கா மூடுவாங்க, நான் திரும்பத் தொறப்பேன். அது வியாபாரமா மேடம்? ஒரு பீர் விக்கல, ஒரு கவர் வாங்கல. உங்க லைசென்ஸ் வியாபாரத்துக்குத்தானே? அந்த நேரத்துல சத்தம் போட்டது கடை இல்ல, ஒரு ஆளு. நோட்டீஸ என் பேருக்கு அனுப்புங்க. அபராதம், கோர்ட்டு, எது வேணும்னாலும். அக்கா பேருல ஒரு வரி வரக் கூடாது.

இப்படி எழுதினா அவங்களுக்கு இன்னும் மோசமாகுமா? ஆகட்டும். பொய் சொல்லிக் காப்பாத்த எனக்குத் தெரியாது. உள்ளத உள்ளபடி எழுதுங்க, விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்களும் மனுசங்கதானே, பாத்துக்கலாம்.

நேத்து அக்காகிட்டப் போயி, அந்தப் பதினொண்ணு நான்தான் போட்டதுன்னு சொன்னேன். தெரியும்யா, நிமிஷக் கணக்கோட புகார் எழுதறவன் இந்தக் கட்டடத்துல வேற எவன் இருக்கான்னாங்க. தெரிஞ்சேதான் பத்து வாரம் வாசிச்சிருக்காங்க.

எதுக்கு இந்த வயசுல இதுன்னு கேக்கறீங்க. பாட்டு மேல ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரி போயி மூணு வருஷம் ஆச்சு. எண்ணிப் பாத்தேன், ஒரு வாரத்துக்கு நான் பேசினது பதினாலு வார்த்தை. கடையில பை வேணாம்னு சொன்னதெல்லாம் சேத்து. உங்க ஸ்டேஷனுக்குப் போன் போட்ட வாரம் மட்டும் அறுவது எழுவது வரும். இப்ப வியாழன் ஒரு நாளைக்கே ரெண்டு பாட்டு, அத நான் எண்ணறதில்ல.

கையெழுத்து எங்க போடணும்? இங்கயா? மூணு எடத்துலயுமா?

இல்ல, நிறுத்தப் போறதில்ல. இன்னிக்கு வியாழன்தான். ஆனா பதினோரு மணிக்கு மேல இல்ல. பத்து மணிக்கே பாடறதுக்குப் பேரு குடுத்திருக்கேன், சன்னல மூடிட்டு, பத்தொம்போது பேரு முன்னாடி.