ராஜா உடுப்புக்கு எதுக்குப் பாக்கெட்

இல்லண்ணே, இப்ப கூப்பிட மாட்டாங்க. கஸ்டம்ஸ் மேடம் சாப்பிடப் போயிருக்காங்க. கதவு மூடியிருந்தா சாப்பாடு, திறந்திருந்தா மீட்டிங். ரெண்டும் நமக்கு ஒண்ணுதான். உக்காருங்க. அந்த ஓர நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். நான் மொதல்ல அதுல உக்காந்துதான் இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

உங்களது என்ன, பிளாஸ்டிக் வாளியா? அப்ப கவலையே படாதீங்க. வாளின்னா வாளிதான். யாரும் அதைத் தூக்கித் தலையில கவுத்துப் பாத்துட்டு, இது வாளியா தொப்பியான்னு உக்காந்து யோசிக்க மாட்டாங்க. என் பாடு அப்படி இல்ல. நான் மாறுவேஷ உடுப்பு கொண்டுவர்றவன். பள்ளிக்கூட நாடகத்துக்கு வாங்குவாங்க, பொறந்தநாளுக்கு வாங்குவாங்க. புதுசா கடை திறந்தா வாசல்ல கரடி வேஷம் போட்டு ஒருத்தர் நின்னு கையாட்டுவாரே, அந்தக் கரடி நம்ம கரடிதான். புலி, ராஜா, ராணி, கடல் கொள்ளைக்காரன் எல்லாம் உண்டு. வெளிநாட்டுல தைச்சு கப்பல்ல வரும்.

என்னது, லிஃப்ட்லயா? ராஜாவா? ம், அதைப் பாத்துட்டீங்களா. விளம்பரம் எல்லாம் இல்லண்ணே. அது தனிக் கதை, அப்புறம் சொல்றேன். மொதல்ல இதைக் கேளுங்க, யார்கிட்டயாவது கொட்டலன்னா மண்டை வெடிச்சுடும்.

இங்க உள்ள வர்ற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் உண்டு, தெரியுமில்ல. நம்பரைப் பொறுத்துத்தான் வரி. மாறுவேஷ உடுப்பை விளையாட்டுச் சாமான்னு போட்டா கட்டிட்டுப் போயிடலாம், வலிக்காது. துணின்னு போட்டாங்கன்னா போச்சு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்கார வேண்டியதுதான். சரி, எது விளையாட்டு எது துணின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க? தையலைப் பாத்து. சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஓரம் மடிக்காம, நூல் தொங்கிக்கிட்டு, ரெண்டாவது தடவை போட்டா அக்குள்ல பிரியற மாதிரி இருந்தா விளையாட்டுச் சாமான். ஓரம் மடிச்சு, உள்ள லைனிங் குடுத்து, ஒழுங்கா தைச்சிருந்தா துணி. உலகத்துல எல்லாரும் நல்லா தைங்கன்னு தையக்காரன்கிட்ட சண்டை போடுவாங்க. நான் இத்தனை வருஷமா, அய்யா கொஞ்சம் கேவலமா தைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்னு கெஞ்சித்தான் பொழப்பை ஓட்டறேன்.

இந்தத் தடவை பெட்டியைப் பிரிச்சதும் மேடம் கையில வந்தது ராஜா. தோள்பட்டைத் தையலை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்துப் பாத்தாங்க. பிரியல. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டாங்க. அவரு அந்தப் பக்கம், இவங்க இந்தப் பக்கம். பிரியல. நான் எதிர்ல நின்னு, கிழிஞ்சு தொலையேன்னு மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். சொந்த சரக்கு கிழியணும்னு வேண்டிக்கிட்ட வியாபாரி நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். உள்பக்கம் திருப்பினாங்க, மெத்துனு பருத்தி லைனிங். கழுத்துல எப்படித் துவைக்கணும்னு சின்னதா ஒரு லேபிள். கால்சட்டை இடுப்புல பட்டன் மாதிரி தெரியும், ஆனா இழுத்தா பர்ருன்னு பிரியற ஒட்டுப் பட்டை. கடைசியா பாக்கெட். அதுக்குள்ள கையை விட்டுக்கிட்டே மேடம் என்னை நிமிந்து பாத்தாங்க. ராஜா உடுப்புக்கு எதுக்குங்க பாக்கெட்டுன்னாங்க. எந்த ராஜா சில்லறை எடுத்துக்கிட்டு வெளிய போறாருன்னாங்க.

நான் சொல்லித்தான் தைச்சாங்க, அதான் கொடுமை. ஆனா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். வீட்டுக்கு. ஆமாண்ணே, வீட்டுக்குத்தான், சொல்றேன் இருங்க. ஒரு ராஜா சாம்பிள் மட்டும் கெட்டியா, இப்படி இப்படித் தைச்சு அனுப்புங்கன்னு சொன்னேன். அனுப்பினாங்க. பிரமாதமா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருக்கு, இதேதான் எனக்கு வேணும்னு ஃபோன்ல சொல்லிட்டேன். அங்கதான் வாய் கெடுத்துச்சு. எங்க தொழில்ல சாம்பிள் பிடிச்சிருக்குன்னு சொன்னா, மொத்த ஆர்டரையும் அதே மாதிரி தைன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். ஆனா அன்னிக்கு நான் வியாபாரியாப் பேசல, வீட்டு மனுஷனாப் பேசிட்டேன். அவங்களும் பாவம், கரடிக்கு லைனிங், ராணிக்கு லேபிள்னு உக்காந்து தைச்சுட்டாங்க. புலிக்குப் பாக்கெட் வச்சிருக்காங்கண்ணே, புலிக்கு.

மேடத்தைக் குறை சொல்ல முடியாது. அவங்களே ஒரு வழியும் சொன்னாங்க. தையலை மட்டும் வச்சு நான் முடிவு பண்ணலங்க, இன்னொண்ணும் பாக்கணும். இதை யாராவது தினமும் உடுத்துற துணியா போடுவாங்களா? புத்தி சரியா இருக்கற யாரும் போட மாட்டாங்கன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க, விளையாட்டுச் சாமான்லயே விட்டுடறேன். அப்படின்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு கேள்வி இல்ல. நான் அந்த ராஜா கோட்டை எடுத்து மடிக்கறேன், பிரிக்கறேன், திரும்ப மடிக்கறேன். அவங்க கடியாரத்தைப் பாத்துட்டு, சரி நான் சாப்பிட்டு வர்றேன், யோசிச்சு வைங்கன்னு போயிட்டாங்க.

சொல்லிட வேண்டியதுதானேன்னு நீங்களும் கேக்கறீங்க. வீட்லயும் அதையேதான் ஃபோன்ல கத்தறா. ஒரு வார்த்தை, சொல்லிட்டு பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்க, கடையை இழுத்து மூடப் போறீங்களாங்கறா. அவ சொல்றதும் நியாயம்தான். துணின்னு போட்டா என்னால எடுக்க முடியாது, சரக்கு திரும்பப் போயிடும். பள்ளிக்கூடக்காரங்க வேற கடைக்குப் போயிடுவாங்க. எல்லாம் தெரியுது. ஆனா நாக்கு எழ மாட்டேங்குதே.

எங்கப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சுண்ணே. சோறு தின்னது மறந்துடும், எங்கம்மா செத்தது மறந்துடும், நான் யாருன்னு தெரியாது. என்னை சார்னு கூப்பிடறாரு. பெத்த புள்ளையை. மொதல்ல கோவம் வந்துச்சு, இப்ப என்னங்கய்யான்னு நானும் பதில் சொல்லிடறேன். அதெல்லாம்கூட சமாளிச்சுக்கலாம். சட்டை போடறதுதான் பெரும்பாடு. எதை மாட்டினாலும் கழட்டி வீசுவாரு. இது என் சட்டை இல்ல, டூட்டிக்கு நேரமாச்சு, என் சட்டையக் குடுங்கன்னு அழுவாரு. எட்டு ஊருக்குக் கேக்கும். என் வீட்டுக்காரி, மாமா மாமான்னு பின்னாலயே சட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுவா.

ஒரு நாள் கடையிலேர்ந்து மிஞ்சின ராஜா உடுப்பை வீட்டுக் கதவுல மாட்டி வச்சிருந்தேன். நீலக் கோட்டு, முன்னாடி ரெண்டு வரிசை தங்கக் கலர் பட்டன், தோள்ல சரிகை. நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம், அவரா போயி எடுத்து, அவரா போட்டு, கண்ணாடி முன்னால நின்னு காலரை இழுத்து விட்டுக்கிட்டாரு. அழுகை நின்னு போச்சு. அதை அவரு எங்க ராஜா உடுப்புன்னு நினைச்சாரு. அவரோட யூனிஃபார்ம் கிடைச்சுடுச்சுன்னு நினைச்சாரு.

அன்னிலேர்ந்து அதுதான். தூங்கறதும் அதுலதான். விளையாட்டுச் சாமான்தானே, எத்தனை நாள் தாங்கும். துவைச்சா நூல் நூலா வந்துச்சு. அந்த நைலான் அறுத்து கழுத்தெல்லாம் தடிப்பு. அதான் லைனிங் கேட்டேன். பாத்ரூமுக்கு அவசரமாப் போறப்ப பட்டன் அவிழ்க்க வராது, நின்ன இடத்துலயே ஆயிடும், அப்புறம் கூனிக் குறுகிப் போவாரு. அதான் ஒட்டுப் பட்டை. பாக்கெட் கைக்குட்டைக்கு. கைக்குட்டை இல்லாம அவரு டூட்டி பாக்க மாட்டாரு.

இப்படி ஒரு மனுஷன் விடிஞ்சா பொழுது போனா உடுத்திக்கிட்டு இருக்கறதை, புத்தி சரியா இருக்கற யாரும் போட மாட்டாங்கன்னு நான் எந்த வாயால சொல்வேன். மேடம் என்னமோ சாதாரணமாத்தான் கேட்டாங்க. எனக்கு எங்கப்பனை நானே பைத்தியம்னு சொல்ற மாதிரி இருக்கு.

மணி அடிச்சுதே, லிஃப்ட்தான். மேடம் வந்தாச்சு. பாருங்க, லிஃப்டையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு வர்றாங்க. நான் போறேண்ணே. போடுவாங்க மேடம், ஒருத்தரு தினமும் போடறாருன்னு சொல்லிடப் போறேன். துணின்னே எழுதிக்கட்டும். மத்ததெல்லாம் போனாப் போகுது, அந்த ராஜாவுல ஒண்ணை மட்டும் துணிக்குண்டான வரியைக் கட்டி எடுத்துக்க விடுவாங்களான்னு கேக்கணும். இப்பப் போட்டிருக்கறதுல முழங்கை தேஞ்சு போச்சு. வீட்ல போய் என்ன வாங்கிக் கட்டிக்கப் போறேனோ, அது அப்புறம்.

ஆங், கேட்டீங்களே. ஆமாண்ணே, லிஃப்ட்ல நிக்கறது அவருதான். வீட்ல விட்டுட்டு வர ஆள் இல்ல, வீட்டுக்காரி வேலைக்குப் போயிட்டா, கூடவே கூட்டிட்டு வந்தேன். உள்ள ஏறினவரு எறங்க மாட்டேன்னுட்டாரு. பெரிய கம்பெனி ஒண்ணுல ரிட்டயராகற வரைக்கும் லிஃப்ட்மேனா இருந்தவரு, அவரு எதுக்கு எறங்கணும். கைக்குட்டையை எடுத்து லிஃப்ட் பட்டனையெல்லாம் துடைச்சுட்டு, முதுகை நிமித்தி நின்னு, எந்த மாடி சார்னாரு. பழைய குரல் அப்படியே இருந்துச்சுண்ணே. கீழ வாட்ச்மேன்கூட, இருந்துட்டுப் போகட்டும் விடுங்கன்னுட்டாரு.

உங்க வேலை முடிஞ்சு கீழ போறப்ப ஒரு உதவி பண்ணுங்க. எந்த மாடின்னு அவர்கிட்ட வாயால சொல்லுங்க. பட்டனை நீங்களே அமுக்கிடாதீங்க.