சுவீடன் காலனியின் கவர்னர்

என் காபியை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் ராஜராஜன் மட்டும், கசக்கிறது என்று இரண்டொரு முறை சொன்னார். சர்க்கரை கூடப் போட்டேன். பிறகு சொல்லவில்லை.

அவர் கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலே இல்லாத அரியலூரில் வீடு வாங்கினோம். சிமெண்ட் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த சுவீடன்காரர்கள் ஒரு காலத்தில் தங்கிய இடம் என்பதால் எங்கள் குடியிருப்புக்குச் சுவீடன் காலனி என்று பெயர். அவரைக் குடியிருப்போர் சங்கத் தலைவராக்கினார்கள். எங்கோ படித்துவிட்டு வந்து, "அமெரிக்காவுல சுவீடன்காரன் அந்தக் காலத்துல போட்ட காலனியையும் ஒரு நேவி ஆபீசர் ஆண்டிருக்கான், செங்கமலம்" என்றார். அதிலிருந்து அவர் தலைவர் இல்லை, கவர்னர்.

காலையில் விசில். துணி காயப்போட ஒரே திசை. வாசலில் செருப்புகள் அணிவகுத்து நிற்க வேண்டும். மீறிய வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது. எதிர்வீட்டுக் கலையரசியின் மகளைப் பெண் பார்க்கக் கல்லங்குறிச்சியிலிருந்து ஆட்கள் வந்த அன்று, அவர்கள் செருப்பு கோணலாகக் கிடந்ததென்று வால்வை மூடிவிட்டார். வந்தவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை.

"நீங்களாச்சும் சொல்லக் கூடாதாக்கா?" என்று கலையரசி அழுதாள்.

சொன்னால் கேட்கிறவரில்லை. அன்று மாலை சங்கக் கூட்டம். எனக்கு டாக்டர் கொடுத்திருந்த தூக்க மாத்திரையில் ஒன்றைப் பொடித்து அவர் காபியில் கலந்தேன். கூட்டத்தில் நாற்காலியிலேயே குறட்டை விட்டார். முதல் முறையாக எல்லோரும் பேசினார்கள், சிரித்தார்கள். ஒரு நல்ல காரியத்தை ஒரே நாளோடு விடுவது சரியாகப் படவில்லை.

இப்போது அவருக்கு நடை தள்ளாடுகிறது. சோறு நான்தான் ஊட்டுகிறேன். சன்னலைப் பார்த்து, "கப்பல் எப்ப கெளம்புது?" என்று கேட்கிறார்.

"கெளம்பும், தூங்குங்க" என்பேன்.

காலனியே என் பொறுமையைப் புகழ்கிறது. தலைவர் பதவியையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். நான் விசில் ஊதுவதில்லை. மணி அடிக்கிறேன், அவ்வளவுதான். மாலையில் வாசலில் கூடி நின்று பேசக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். அவர்கள் நன்மைக்குத்தான்.

"சாரே தேவலாம் போலருக்குக்கா" என்றாள் கலையரசி. விளையாட்டுக்குச் சொல்கிறாள்.

போன வாரம் திருச்சி டாக்டர் அவரை வெகுநேரம் பரிசோதித்துவிட்டு, "தூக்க மாத்திரை ஏதாச்சும் எடுக்குறாராம்மா? எடுத்தா படிப்படியா நிறுத்திடலாம். எழுந்து நடமாடிடுவார்" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

திரும்பும்போது காரில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நிறுத்திவிடுவது என்றுதான் முடிவு செய்திருக்கிறேன்.

தை மாதம் சங்கத் தேர்தல். அது முடியட்டும்.